பின்வரிசையிலிருந்து நீண்ட சீட்டு

மத்திய அரசு நிறுவனமொன்றின் புணே மண்டல அலுவலகத்தில், நாடாளுமன்றப் பிரிவில், முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று ஓய்வு பெறும் திருமதி ப்ரியம்வதா அவர்களுக்கு, அலுவலகத் தமிழ் ஊழியர்கள் படித்தளிக்கும் மடல்

கேள்விக் கணைகளுக்குக் கலங்காத கண்மணியே! கோப்புகளின் கோட்டைக்குள் குடியிருந்தும் குரலை இழக்காத கோமகளே! வானவடிப் பேருந்து நிறுத்தத்தில் எட்டு ஐம்பதுக்குக் குடையும் கையுமாய் நின்று, ஒன்பது இருபதுக்கு மேசையோடு மேசையாய் ஒன்றிவிடும் ஒழுங்கின் உருவே! வணக்கம்.

மராட்டி மடலும் இந்தி மடலும் கையொப்பத்துக்காகச் சுற்றி வந்தபோது படித்துப் பார்த்தோம். உங்கள் நேரந்தவறாமை இருந்தது. நிதானம் இருந்தது. நவராத்திரிச் சுண்டல்கூட இருந்தது. சென்ற ஆண்டு ஏப்ரல் பதினெட்டு மட்டும் இல்லை! இரண்டிலும் கையெழுத்துப் போட்டோம். போட்டுவிட்டு, தமிழ் மடலில் அதைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். கண்ணாடி போட்டு நீங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் தாள் இது. அதில் உண்மை இல்லையென்றால் ஆணி எதற்கு?

வினாவுக்கு விடையளித்த வித்தகியே!

இங்கே வந்திருக்கும் குடும்பத்தினருக்காக ஒரு வார்த்தை. நாடாளுமன்றக் குழு என்பது, தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கூச்சலுக்கு வெளியே நடக்கிற காரியம். பல கட்சி உறுப்பினர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். முதலில் வினாப் பட்டியல் அனுப்புவார்கள்; எழுத்தில் பதில் கேட்பார்கள். பிறகு நேரில் வந்து பார்ப்பார்கள். பதிலும் பார்த்ததும் பொருந்தவில்லையென்றால் தில்லிக்கு அழைத்து, சொல்லுக்குச் சொல் பதிவு செய்துகொண்டு விசாரிப்பார்கள். அதன்மேல் அறிக்கை. அறிக்கையோடும் விடமாட்டார்கள், சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்டு மூன்று மாதத்தில் இன்னொரு தாள் வரும். அந்தத் தாள்கள் எல்லாம் முப்பத்து நான்கு ஆண்டுகளாக வந்து இறங்கிய மேசைதான் உங்கள் மேசை.

சென்ற ஆண்டு மார்ச் கடைசியில் அப்படி ஒரு பட்டியல் வந்தது. மனித உரிமைகளை ஆராயும் குழு. மொத்தம் நாற்பத்தொரு வினாக்கள். பதினேழாவது வினா இது: உங்கள் தொழிற்சாலைகளில் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர்கள் இறங்குகிறார்களா? மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர்?

உங்கள் பக்கத்து மேசை பத்ரிக்கு அது ஒரு நிமிட வேலை.

“போன தடவை சபையில என்ன சொன்னோமோ அதையே ஒட்டிரலாம் மேடம். ‘இல்லை’ன்னு இருக்கு. காப்பி, பேஸ்ட்.”

நம் அலுவலகத்தின் பழக்கம் அது. ஏன், நம் அலுவலகத்தின் மதமே அது. ஒரு முறை சபையில் வைத்த பதில் கல்லில் பொறித்த எழுத்து. அடுத்த முறையும் அதே பதில். மாறினால் ஏன் மாறியது என்று கேட்பார்கள். மாறாவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

“அந்த ‘இல்லை’யை யார் எழுதினது பத்ரி?” என்றீர்கள்.

அவர் கோப்பைப் புரட்டினார். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பதில். தளேகாவ் தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதியது. ஓரத்தில் சுருக்கொப்பம்.

“நீங்கதான் மேடம்.”

“அப்போ பயமில்லை. ஒட்டு,” என்று சிரித்தீர்கள். பத்ரியும் சிரித்தார். அறையே சிரித்தது.

பார்த்தறிந்தே பேசும் பண்பினரே!

ஏப்ரல் பன்னிரண்டு. குழு நடக்கப்போகும் பாதையை ஒத்திகை பார்க்க நீங்களும் பத்ரியும் தளேகாவ் போனீர்கள். எங்கே பூங்கொத்து, எங்கே குடை, எங்கே குடிநீர்... பட்டியல் கையில். தொழிற்சாலையின் பின்புறக் குழாயடியில் ஏழு பேர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போனில் மகளோடு தமிழில் பேசியதைக் கேட்டு அவர்களில் ஒருவர் நிமிர்ந்தார். தேஹு ரோட்டில் குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி டேனியல்.

“அக்கா, நீங்க தமிழா? எம்.பி.ங்க பதினெட்டாந்தேதி வர்றாங்களாமே. அன்னைக்கு எங்களுக்கு லீவுன்னு சொல்லிட்டாங்க.”

“நல்லதுதானே. எதுக்கு லீவு?”

“நாங்க நின்னா கேப்பாங்கள்ல, நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு.”

“என்ன வேலை பாக்கறீங்க?”

டேனியல் தொட்டியின் பக்கம் கையைக் காட்டினார். எட்டுப் படி ஏணி ஒன்று மூடியின்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

“மழைக்கு முன்னாடி ஒருக்கா இறங்கணும்க்கா. வருசா வருசம். மொத எட்டுப் பேரு. இப்ப ஏழு. சந்துரு போன தடவை இறங்கினவன், மேல வரல.”

பத்ரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்: பூங்கொத்துப் பட்டியலை நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நேரே ஆலையின் கோப்பறைக்குப் போனீர்கள். சந்துரு இறந்தது கோப்பில் மாரடைப்பு. தொட்டியின் ஓரத்தில் நின்றபோது மாரடைப்பு! அதற்கு முந்தைய தாளைப் புரட்டினீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திரம் வேண்டும் என்று ஆலைப் பொறியாளர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மறுத்திருக்கிறார்கள். காரணம் ஒரே வரி: ‘தொட்டிக்குள் யாரும் இறங்குவதில்லை என்று சபையில் பதில் தரப்பட்டுள்ளதால், இயந்திரம் தேவையில்லை.’

அந்தப் பதில் எவருடையது? நீங்கள் போனில் கேட்டு எழுதிய அதே ‘இல்லை’. இயந்திரம் வராமல் போனது அந்த ஒற்றைச் சொல்லால். பதினோரு மாதம் கழித்துச் சந்துரு இறங்கினார்.

திரும்பும் லோக்கல் ரயிலில் சின்ச்வாட் தாண்டியதும் ஒரே கேள்வி கேட்டீர்களாம்.

“பத்ரி, மழை எப்போ?”

“ஜூன் பத்து வாக்கில மேடம்.”

“அப்போ இன்னும் ஐம்பத்தொன்பது நாள்.”

நெருப்பாற்றில் நீந்திய நேர்மையே!

அன்றைய பொது மேலாளர் கிருஷ்ணஸ்வாமி கெட்டவரல்லர். உங்கள் கணவர் மருத்துவமனையில் இருந்த மாதம், கேட்காமலே விடுப்பில் கையெழுத்திட்டவர். நீங்கள் தளேகாவ் போய் வந்த மறுநாள் அவர் அறைக் கதவு முக்கால் மணி நேரம் சாத்தியிருந்தது. மறுபக்கம் தட்டச்சு செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்த கோதைக்கு எல்லாம் கேட்டது.

“பதினேழாவது பதிலை மாத்தணும் சார்.”

“மாத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? சபைக்குத் தப்பா பதில் சொன்னோம்னு ஆகும். முதல்ல கேக்கறது, யார் எழுதினான்னு. அதுல இருக்கிறது உங்க சுருக்கொப்பம் ப்ரியம்வதா, என்னோடது இல்ல.”

“தெரியும் சார்.”

“இன்னும் பதினாலு மாசம். கௌரவமா வீட்டுக்குப் போகலாம்.”

“ஏழு பேர் தொட்டிக்குள்ள போகப்போறாங்க சார்.”

“ஆலைக்கு நான் தனியா ஒரு லெட்டர் போடறேன். போதுமா? பதில்ல கை வைக்காதீங்க.”

லெட்டர் போகவில்லை. பதில் போனது. பதினேழாவது கட்டத்தில், தடித்த எழுத்தில், ‘இல்லை’.

அஞ்சாமை அணிந்த அருந்தோழியே!

ஏப்ரல் பதினெட்டு. விருந்தினர் மாளிகைக் கூடம். நீளமேசையின் அந்தப் பக்கம் பதினோரு உறுப்பினர்கள். நடுவே வட நாட்டைச் சேர்ந்த தலைவர் அம்மையார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. இந்தப் பக்கம் முன்வரிசையில் அதிகாரிகள். பின்வரிசையில் கோப்புகளோடு நாம்.

பின்வரிசைக்கு ஒரு வேலை உண்டு. எண்ணோ தேதியோ கேட்டால், முன்னால் இருப்பவர் திரும்ப மாட்டார். வலது கையைத் தோளுக்கு மேல் பின்னால் நீட்டுவார். அந்த உள்ளங்கையில் ஒரு சீட்டு விழ வேண்டும். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ தம் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுபோல் சொல்வார். எத்தனை பொது மேலாளர்களின் ஞாபகசக்தி உங்கள் கையெழுத்தில் குடியிருந்தது, மேடம்!

பதினாறு வினாக்கள் நாற்பது நிமிடத்தில் முடிந்தன. தேநீர் வந்தது. பதினேழு.

தலைவர் அம்மையார் இந்தியில் கேட்டார். “ஒருவர்கூட இறங்குவதில்லையா? உறுதியாகத்தானே?”

கிருஷ்ணஸ்வாமியின் கை தோளுக்கு மேல் வந்தது. விரல்கள் விரிந்தன.

தட்டச்சு செய்த ‘இல்லை’ சீட்டு உங்கள் மடியில் தயாராக இருந்தது. நீங்கள் அதைத் தொடவில்லை. பேனாவைத் திறந்து, வேறு தாளைக் கிழித்து, நான்கு வரி எழுதினீர்கள். பக்கத்து நாற்காலியிலிருந்த பத்ரி படித்தார்: ‘இறங்குகிறார்கள். ஏழு பேர். ஒருவர் இறந்தார். முந்தைய பதில் தவறு, எழுதியது நான்.’

உள்ளங்கையில் சீட்டு விழுந்தது.

அவர் பார்த்தார். கழுத்தின் பின்புறம் சிவந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். சீட்டு மடிந்தது. சட்டைப் பைக்குள் போனது.

“இல்லை மேடம். ஒருவர்கூட இல்லை.”

பதினெட்டாவது வினாவுக்குத் தாள்கள் புரண்டன. அந்தச் சலசலப்பில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது.

நீங்கள் எழுந்து நின்றிருந்தீர்கள்.

“தலைவர் அவர்களே, பதினேழாவது பதில் தவறு.”

“யார் நீங்கள்?”

“அந்தப் பதிலை முதலில் எழுதியவள். விசாரிக்காமல் எழுதினேன்.”

கிருஷ்ணஸ்வாமி அவசரமாகச் சிரித்தார். “மேடம், அவங்க ரிட்டையர் ஆகப்போறாங்க. கொஞ்ச நாளா டென்ஷன்...”

“டென்ஷன் எனக்கும்தான் இருக்கிறது. அவர் பேசட்டும்,” என்றார் தலைவர் அம்மையார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. “இறங்குகிறவர்களை நான் இன்று பார்க்க முடியுமா?”

“முடியாது மேடம். நீங்கள் வருகிறீர்கள் என்று இன்று அவர்களுக்கு விடுமுறை.”

அம்மையார் வினாப் பட்டியலை மூடி வைத்தார்.

“இது ஆய்வுப் பயணம். இங்கே பேசுவது பதிவில் ஏறாது. தில்லியில், பதிவில், இதையே சொல்வீர்களா?”

“சொல்கிறேன்.”

அம்மையார் எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். “இது வேறு யாருக்காவது தெரியுமா?”

இந்த இடத்தை நாங்கள் தாண்டிப் போகப்போவதில்லை. கோதைக்குத் தெரியும், கதவின் மறுபக்கம் இருந்தவர். அவர் தம் செருப்பின் வாரைச் சரி செய்தார். வாசுதேவன் காலிக் கோப்பையிலிருந்து தேநீர் குடித்தார். ராஜி எதையோ தேடிக் கைப்பைக்குள் தலையை விட்டார். ஏணியைக் கண்ணால் கண்ட பத்ரி, உங்களுக்கு அரையடி தூரத்தில், மடியிலிருந்த கோப்பின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். ஒருவர் எழுந்திருந்தால் போதும். ஒருவரும் எழவில்லை. நீங்கள் தனியாக நின்றீர்கள். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

தாழ்த்தினும் தாழாத தகைமையே!

மறுநாள் மாலைக்குள் குறிப்பாணை வந்தது: சபைக்குத் தவறான தகவல் அளித்ததற்காக உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? பார்த்தீர்களா, தவறு என்று யார் சொன்னாரோ அவர்மீதே தவறு! கையோடு கோப்பறைக்கு மாற்றல். ஜன்னல் இல்லாத அறை, ஆடும் நாற்காலி. ஒரு மணிக்கு டப்பா திறக்கும் எங்கள் வட்ட மேசையில் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. அதை நாங்களே சுவரோரம் இழுத்துப் போட்டோம்.

நான்காம் நாள் கோதை தாங்காமல் கோப்பறைக்கு வந்தார்.

“மேடம், அன்னிக்கு நான் எழுந்திருக்கணும்னுதான்...”

“சாப்பிட்டியா கோதை?”

“இல்ல.”

“முதல்ல போய்ச் சாப்பிடு. இந்த வெயில்ல தயிர் சாதம் புளிச்சுடும். அழறதை அப்புறம் வச்சுக்கலாம்.”

அதற்குள், குழு சாட்சியாக அழைத்திருந்த டேனியலைத் தேடி ஒப்பந்தக்காரரின் ஆள் தேஹு ரோடு போய்விட்டான். தில்லிக்குப் போனால் ஏழு பேருக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான். டேனியல் உங்களுக்குப் போன் செய்தார். அன்று மதியமே குழுவின் செயலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போனது. குழு அழைத்த சாட்சியை மிரட்டுவது நாடாளுமன்றத்தின் உரிமையையே மீறுவது என்ற விதி, ஆண்டுக்கணக்கில் உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த சுற்றறிக்கையில் இருந்தது. நாங்கள் அதன்மேல் டீ டம்ளர் வைத்திருக்கிறோம், நீங்கள் படித்திருக்கிறீர்கள். செயலகம் ஒரே ஒரு போன் செய்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் அதன்பின் அந்தத் தெருப்பக்கம் தலை காட்டவில்லை.

மே ஒன்பது, தில்லி. சொல்லுக்குச் சொல் பதிவு. சீட்டு எழுதியதுவரை எல்லாவற்றையும் நீங்கள் சொன்னீர்கள். டேனியல் இரவல் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

“தமிழ்லயே சொல்லலாங்களா?” என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை குழு காத்திருந்தது.

“ஏணி எட்டுப் படிங்க. அஞ்சாவது படி வரைக்கும் நாத்தம். ஆறாவதுல கண்ணு எரியும். ஏழாவதுல மூச்சு முட்டும், அங்கயே நின்னு வாளியைத் தொங்க விட்டு அள்ளுவோம். அன்னைக்கு வாளி கயிறு அறுந்துருச்சு. எடுக்கறதுக்காகச் சந்துரு எட்டாவது படிக்குப் போனான்.”

 

பிறகு கிருஷ்ணஸ்வாமியின் முறை. தலைவர் அம்மையார் கேட்டது சின்னக் கேள்வி. “ஏப்ரல் பதினெட்டன்று இந்த வினாவுக்குப் பின்வரிசையிலிருந்து உங்களுக்கு ஒரு சீட்டு வந்ததா?”

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். உங்களைத் தவிர, சீட்டைக் கண்ட நாங்கள் எல்லோரும் புணேயில். பதிவு செய்பவரின் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன. கிருஷ்ணஸ்வாமி தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்தார்.

“வந்தது. என்னிடம்தான் இருக்கிறது,” என்றார்.

ஆறு நாளில், குழுவின் வற்புறுத்தலால், அமைச்சகத்திலிருந்து ஆலைக்கு நேரடி உத்தரவு: இயந்திரம் வரும்வரை எவரும் தொட்டியைத் தொடக் கூடாது. ஜூன் ஏழாம் தேதி இயந்திரம் வந்தது. எட்டாம் தேதி வேலை செய்தது. ஒன்பதாம் தேதி மழை கொட்டியது. ஏழு பேரும் இன்று ஏழு பேராகவே இருக்கிறார்கள், மேடம். இயந்திரத்தை ஓட்டக் கற்றவர்களில் டேனியலும் ஒருவர். குழுவின் அறிக்கை இந்த ஆண்டு மார்ச்சில் சபைக்கு வந்தது. சந்துருவின் மரணம் அதில் மாரடைப்பு அல்ல. உங்கள்மேல் இருந்த குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது, நீங்களும் பழைய மேசைக்குத் திரும்பினீர்கள். குறிப்பாணையோடு நின்றுபோன உங்கள் பதவி உயர்வு மட்டும் திரும்பி வரவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, சேர்ந்த மேசையிலிருந்தே விடைபெறுகிறீர்கள்.

பண்பின் பெட்டகமே! பாராட்டு மடல் என்று தலைப்பிட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பது முறையா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. முறையோ இல்லையோ, கேட்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டோம். அது உங்கள் விருப்பம்.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. அறிக்கையில் சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்கும் குழுவின் தாள் வந்து கிடக்கிறது. நாளை பதில் போக வேண்டும். நேற்று தளேகாவுக்குப் போன் போட்டோம். மறுமுனையில் ஒரு குரல் சுறுசுறுப்பாகச் சொன்னது: “எல்லாம் மிஷின்தான் சார். ஆள் யாரும் இறங்கறதில்ல. இல்லைன்னு போட்டுக்குங்க.”

உண்மையாகவே இருக்கலாம். இருக்கும் என்றுதான் நம்புகிறோம். ஆனால் பத்ரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நான் போய்ப் பாத்துட்டு வந்து டைப் பண்றேன்,” என்றார்.

“நாளைக்கு மேடமோட ஃபேர்வெல்யா!”

“அதான் போறேன்.”

எனவே, இந்த மடல் வாசிக்கப்படும் இந்த நேரத்தில் பத்ரி இங்கே இல்லை. காலை லோணாவளா லோக்கலில், இந்த மழையில், குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே குனிந்து பார்த்து, டேனியலிடமும் மற்ற ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு வருவார். அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

உங்கள் உடல் நலமும் உள்ளத் திடமும் ஒன்றையொன்று தாங்கி நெடுங்காலம் நிலைக்கட்டும். எட்டு ஐம்பது பேருந்து இனி உங்களை விட்டுவிட்டுப் போகட்டும். நீங்கள் மெதுவாகக் காப்பி குடியுங்கள். மகள் வீட்டில் யாராவது எதற்காவது ‘இல்லை’ என்று சொன்னால் நீங்கள் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு எங்கள் அனுதாபங்கள்!

என்றும் உங்கள் பின்வரிசைத் தோழர்கள்,

கோதை
வாசுதேவன்
ராஜி
தேஜஸ்வினி
பத்ரி — தளேகாவில் இருக்கிறார். பார்த்துவிட்டு வந்து ஒப்பமிடுவார்.